யாருக்குப் பதில் போகக் கூடாது

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதும், மே மாதம் பிறந்ததும் எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வரும். கோவையிலும் திருப்பூரிலும் சில சிறிய இடங்களின் மெயில் சர்வர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்: ஒரு கல்லூரி, ஓர் ஆடிட்டர் அலுவலகம், பனியன் ஏற்றுமதி செய்கிற சில கம்பெனிகள். “ஏனுங்க தம்பி, ஒரு வாரம் ஊர்ல இருக்க மாட்டனுங்க. மெயில் வந்தா தானாப் பதில் போற மாதிரி பண்ணி உட்ருங்க” என்பார் ஒருவர். கேட்பவருக்கு அது ஒரு நிமிட வேலை. திரையில் ஒரு பெட்டி, அதில் நாலு வரி, கீழே சேமிக்கிற பொத்தான். அவருக்கு அவ்வளவு தெரிந்தால் போதும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் சர்வர் எடுக்கிற முடிவுகளைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். தானியங்கிப் பதில் ஏற்பாட்டில் பதில் அனுப்புவதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. வருகிற மெயில்களில் எவற்றுக்கெல்லாம் பதில் போகக் கூடாது என்று தீர்மானிப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கிற பத்து வரி ஸ்கிரிப்டுகள் (சின்ன நிரல்கள்) பெரும்பாலும் முதல் பகுதியைச் செய்துவிட்டு முடித்துக்கொள்கின்றன. அவற்றை அப்படியே எடுத்து ஓடுகிற சர்வரில் போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும், ஏனென்றால் அதன் விளைவை அனுபவிப்பது முன்பின் தெரியாத யாரோ.

நான் பொறுப்பேற்கும் முன் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே முன்பு சர்வரைக் கவனித்தவர்கள் அப்படி ஒரு ஸ்கிரிப்டைப் போட்டு வைத்திருந்தார்கள். மெயில் வந்தால் ‘ஃப்ரம்’ வரியில் இருக்கும் முகவரியை எடு, விடுமுறைச் செய்தியை அனுப்பு. அவ்வளவுதான். மெர்ச்சண்டைசர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் உதவி மையத்துக்குக் கன்டெய்னர் பற்றி மெயில் எழுதிவிட்டு, தானியங்கிப் பதிலையும் போட்டுவிட்டுப் போனார். உதவி மையத்தின் மென்பொருள் உடனே ‘உங்கள் புகார் பதிவானது’ என்று பதில் அனுப்பியது. ஸ்கிரிப்ட் அதற்கு ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்றது. உதவி மையம் அதைப் புதிய புகாராக எடுத்துக்கொண்டு, புதிய எண் கொடுத்து, மறுபடியும் ‘பதிவானது’ என்றது. இரவு முழுக்க இப்படியே போய், மெர்ச்சண்டைசரின் பெட்டி ஒதுக்கீட்டை எட்டி நிரம்பியதும் நின்றது. அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஆர்டர் மெயில்கள் எல்லாம் ‘பெட்டி நிரம்பிவிட்டது’ என்று திரும்பிப் போயிருந்தன.

அந்த மெயில்களைப் பின்னால் எடுத்துப் பார்த்தபோது ஒன்று கவனத்தில் பட்டது. உதவி மையம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ‘ஃப்ரம்’ முகவரியிலிருந்து எழுதியிருந்தது. முகவரிக்குள்ளேயே புகார் எண் செருகப்பட்டிருந்தது. அதனால் ‘ஒருவருக்கு ஒரு முறைதான்’ என்ற நினைவு அந்த ஸ்கிரிப்டுக்கு இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஒவ்வொரு மெயிலும் புது ஆளிடமிருந்து வருவதாகத்தான் அது நினைத்திருக்கும். ஆனால் மெயிலின் உச்சியில் ‘ரிட்டர்ன்-பாத்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதில் எல்லா மெயில்களுக்கும் ஒரே முகவரி. பதிலை அந்த முகவரிக்கு அனுப்பி, அந்த முகவரியையே நினைவில் வைத்திருந்தால், அன்றிரவு போயிருக்கக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான்.

மெயிலுக்கு இரண்டு அனுப்புநர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நாம் படிக்கிற ‘ஃப்ரம்’ கடிதத்துக்குள் எழுதிய பெயர். சர்வர்கள் தமக்குள் பேசும்போது ‘மெயில் ஃப்ரம்’ என்று சொல்லிக்கொள்வது உறையின் மேல் இருக்கும் முகவரி. மெயில் போய்ச் சேராவிட்டால் எங்கே தகவல் சொல்வது என்பதற்காக இருப்பது அது. கடைசியாகப் பெட்டியில் போடும் சர்வர் உறை முகவரியை ‘ரிட்டர்ன்-பாத்’ என்று கடிதத்தின் மேல் எழுதிவைக்கிறது. இந்த உறை முகவரி காலியாகவும் இருக்கலாம்: இரண்டு கோண அடைப்புக்குறி, நடுவில் ஒன்றுமில்லை. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821-லேயே இதற்கு இடம் இருக்கிறது (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் விதிமுறைகளை எழுதிவைக்கும் ஆவண வரிசை). திரும்பிவந்த மெயில் பற்றிய தகவல் அப்படிக் காலி உறையில் போகவேண்டும். அது போய்ச் சேராவிட்டால் யாருக்கும் சொல்ல வேண்டாம், விட்டுவிடு என்று அர்த்தம். ரிஜிஸ்டர் தபாலின் ஒப்புதல் அட்டைக்கு யாரும் இன்னோர் ஒப்புதல் அட்டை அனுப்பியதில்லை அல்லவா, அந்த நியாயம்தான். தானியங்கிப் பதிலுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். காலி உறையில் வந்த மெயிலுக்குப் பதில் சொல்லக் கூடாது. நம் பதிலும் காலி உறையில் போவது நல்லது.

இந்த முன்யோசனை எல்லாம் நேற்று வந்ததில்லை. 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த 4.3 பிஎஸ்டி யூனிக்ஸ் இயங்குதளத்தில் ‘வெகேஷன்’ என்ற பெயரிலேயே ஒரு சின்ன நிரல் இருந்தது. எழுதியவர் எரிக் ஆல்மன். சென்ட்மெயில் என்ற மெயில் சர்வர் நிரலை எழுதிய அதே ஆல்மன்தான். பயனர், தன் மெயில் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் ‘.ஃபார்வர்ட்’ கோப்பில் ஒரு வரி எழுதவேண்டும்: ஒரு பின்சாய்கோடு போட்டுத் தன் பயனர்பெயர், ஒரு காற்புள்ளி, அப்புறம் குழாய்க் குறியோடு நிரலின் பாதை. பின்சாய்கோட்டோடு இருக்கும் பெயர் மெயிலை வழக்கம்போலப் பெட்டியில் போடச் சொல்கிறது. குழாய் இன்னொரு பிரதியை நிரலிடம் கொடுக்கிறது. அதன் கையேட்டுப் பக்கத்தில் உள்ள மாதிரிப் பதில் ஆல்மன் பெயரிலேயே இருக்கிறது: ஜூலை 22 வரை விடுமுறை, அவசரமென்றால் கீத் பாஸ்டிக்கிடம் பேசவும் என்று.

நான் ஆச்சரியப்படுவது அந்தச் சின்ன நிரல் எதையெல்லாம் யோசித்து வைத்திருந்தது என்பதைப் பார்த்துத்தான். ஒருவருக்குப் பதில் போனால் அடுத்த ஒரு வாரத்துக்கு அவருக்கு மறுபடி போகாது. யாருக்கெல்லாம் போயிற்று என்று ஒரு சின்னத் தரவுக்கோப்பில் குறித்துவைக்கும். நம் பெயர் ‘டூ’ அல்லது ‘சிசி’ வரியில் இல்லாவிட்டால் பதில் கிடையாது. போஸ்ட்மாஸ்டர், மெயிலர்-டீமன், ‘-ரெக்வெஸ்ட்’ என்று முடியும் முகவரிகள் எல்லாம் இயந்திரங்களுக்கு உரியவை என்று அதற்குத் தெரியும். ‘பிரசிடன்ஸ்’ ஹெடரில் (ஹெடர் என்றால் மெயிலின் மேல் இருக்கும் விவர வரி) பல்க், அதாவது மொத்தமாக அனுப்பியது, என்றோ ஜங்க், அதாவது குப்பை, என்றோ இருந்தால் வாயைத் திறக்காது. அந்த மாதிரிப் பதிலிலேயே பல்க் என்ற அந்த ஹெடர் இருக்கிறது, எதிரில் இன்னொரு வெகேஷன் இருந்தால் அது பதில் சொல்லாமல் இருக்கட்டும் என்று. இதையெல்லாம் யோசித்து முடித்தே இத்தனை காலம் ஆகிவிட்டது. இதில் ஒன்றைக்கூடச் செய்யாத ஸ்கிரிப்டை இன்று ஒருவர் புதிதாக எழுதிப் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

2004 ஆகஸ்டில் கீத் மூர் எழுதி வெளியான ஆர்எஃப்சி 3834, அதுவரை வழக்கமாக இருந்தவற்றை முறைப்படுத்தியது. மெயில் சர்வர் வேலை பார்க்கிற யாரும் ஒரு மாலையில் உட்கார்ந்து படித்துவிடலாம், அவ்வளவு தெளிவான எழுத்து. ‘ஆட்டோ-சப்மிட்டட்’ என்ற ஹெடரை அது கொண்டுவந்தது. தானாகக் கிளம்பிய மெயில் என்றால் ‘ஆட்டோ-ஜெனரேட்டட்’, இன்னொரு மெயிலுக்குத் தானாகப் போன பதில் என்றால் ‘ஆட்டோ-ரிப்ளைட்’, மனிதர் எழுதியது என்றால் ‘நோ’ அல்லது ஹெடரே இருக்காது. ‘நோ’ தவிர வேறு எது இருந்தாலும் பதில் போகக் கூடாது. அந்த உதவி மையத்தின் மென்பொருள் இந்த ஒரு வரியைப் போட்டிருந்து, நம் பக்கத்து ஸ்கிரிப்டும் அதைப் பார்த்திருந்தால், சுற்று முதல் சுற்றிலேயே அறுந்திருக்கும். இரண்டும் செய்யவில்லை.

சரி, இன்றைக்கு எப்படி அமைப்பது? நான் டெபியன் லினக்ஸ் சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற இரண்டு நிரல்களை வைத்திருக்கிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்கும், அனுப்பும். பெட்டியில் போடுவது டவ்காட்டின் பொறுப்பு. தானியங்கிப் பதிலை போஸ்ட்ஃபிக்ஸ் அளவிலேயே அமைக்கவும் வழி உண்டு. அதன் ஆவணத்திலேயே இருக்கிறது: ஒரு முகவரிக்கு வரும் மெயிலை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பெட்டிக்கும் இன்னொன்றை ‘ஆட்டோரிப்ளை’ என்று பெயர் வைத்த ஒரு போலி டொமைனுக்கும் அனுப்பி, அந்த டொமைனை ஒரு நிரலோடு இணைக்கலாம். ஆனால் அந்த நிரலை நீங்கள்தான் எழுதவேண்டும். மேலே சொன்ன எச்சரிக்கைகள் அத்தனையும் உங்கள் தலையில். அதனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

டவ்காட்டோடு சேரும் பிஜன்ஹோல் என்ற துணை நிரல், ‘சீவ்’ மொழியைப் புரிந்துகொள்ளும். மெயிலைப் பிரித்துப் போடுவதற்கென்றே உருவான மொழி சீவ். அதில் சுழற்சி கிடையாது, வெளி நிரலை ஓடவைக்கவும் முடியாது. பயனர் தவறாக எழுதினாலும் சர்வரைக் கவிழ்க்க முடியாதபடி வேண்டுமென்றே குறுக்கி வைத்திருக்கிறார்கள். 2008 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 5230 அதற்கு வெகேஷன் என்ற கட்டளையைத் தருகிறது. இத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது முதல் காலி உறை, ஆட்டோ-சப்மிட்டட், குழு அஞ்சல்களில் இருக்கும் லிஸ்ட் ஹெடர்கள் வரை எல்லாச் சோதனைகளையும் அது தானே செய்யும். நாள் கணக்கைச் சொல்லாவிட்டால் 7 நாள். பிஜன்ஹோலில் ஒரு நாளுக்குக் குறைவாகக் கேட்டாலும், நிர்வாகி மாற்றாதவரை, ஒரு நாள்தான் கிடைக்கும். ஜிமெயில் 4 நாள் வைத்திருக்கிறது. என் சர்வர்களில் நான் 7 நாளையே விட்டுவிடுகிறேன். ஒரே நபர் தினமும் மெயில் போடுகிற வியாபாரத்தில் தினமும் அவருக்கு ‘ஊரில் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருப்பது மரியாதையாக இருக்காது.

பயனர் சீவ் எழுதத் தேவையில்லை. ரவுண்ட்கியூப் வெப்மெயிலில் இதற்கென ஒரு துணை நிரல் இருக்கிறது. 4190-ஆம் போர்ட் வழியாக சர்வரோடு பேசி, பெட்டியில் அடித்ததை சீவ் வரிகளாக மாற்றிச் சேமித்துவிடும். ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அக்கா ஒருவர், நான் ஒரு முறை காட்டிக்கொடுத்ததும் அடுத்த தீபாவளிக்கு யாரையும் கேட்காமல் அவரே போட்டுக்கொண்டார். “இதுக்குப் போயி உங்களை எதுக்குங்க கூப்பிட்டுட்டு” என்றார். எனக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம்.

நிர்வாகி தலையிட வேண்டிய முதல் இடம், ஸ்பாம். ஸ்பாம் மெயிலின் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடப்பட்டது. அதற்கு நம் சர்வர் ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்று பதில் போட்டால், அது போய் விழுவது முகவரி திருடு போன அப்பாவியின் பெட்டியில். அவர் நமக்கு எதுவும் எழுதவே இல்லை. ஆயிரம் சர்வர்கள் இப்படிச் செய்தால் அவர் ஆயிரம் பதில்களில் மூழ்குவார். நம் சர்வரின் ஐபி முகவரியும் கறுப்புப் பட்டியலுக்குப் போகும், அப்புறம் கல்லூரியிலிருந்து போகும் ஹால் டிக்கெட் மெயில்கூட யாரிடமும் சேராது. ஆகவே ஸ்பாம் என்று அடையாளம் கண்ட மெயில், வெகேஷன் கட்டளை வரைக்கும் வரவே கூடாது.

இதற்கு பிஜன்ஹோலில் அழகான வழி இருக்கிறது. பயனரின் ஸ்கிரிப்டுக்கு முன்னால் ஓடும்படி நிர்வாகி ஒரு ஸ்கிரிப்ட் வைக்கலாம். அமைப்பில் அதன் பெயர் ‘சீவ் பிஃபோர்’. அதில் ஸ்பாம் வடிகட்டி போட்டுவிட்ட குறியைப் பார்த்து, மெயிலை ஜங்க் ஃபோல்டரில் போடச் சொல்லிவிடுவேன். முதல் ஸ்கிரிப்ட் ஒரு மெயிலை வேறு ஃபோல்டருக்கு அனுப்பிவிட்டால், இன்பாக்ஸில் வைக்கும் இயல்பான கடமை அதோடு தீர்ந்துவிடுகிறது. அப்படித் தீர்ந்த மெயிலுக்கு அடுத்த ஸ்கிரிப்டை பிஜன்ஹோல் ஓட்டுவதே இல்லை. பயனர் தன் ஸ்கிரிப்டில் என்ன எழுதி வைத்திருந்தாலும் ஸ்பாமுக்குப் பதில் போகாது. எல்லாப் பயனர்களுக்கும் ஒரே இடத்தில் முடிந்துவிட்ட வேலை.

அடுத்து, எனக்கு அதிகமாக வரும் புகார்: “பதில் போகவே மாட்டேங்குதுங்க.” இதற்கு அநேகமாக எப்போதும் ஒரே காரணம்தான். கல்லூரி முதல்வரின் பெட்டி அவர் பெயரில் இருக்கும். வெளியார் எழுதுவது ‘பிரின்சிபால்’ என்று தொடங்கும் பதவி முகவரிக்கு. போஸ்ட்ஃபிக்ஸ் அதை மாற்றி அவர் பெட்டிக்கு அனுப்புகிறது. சீவ் ‘டூ’ வரியைப் பார்க்கிறது. தன் பயனரின் பெயர் அங்கே இல்லை. இது நேராக இவருக்கு எழுதியதில்லை போலிருக்கிறது, ஏதோ லிஸ்ட் வழியாக வந்திருக்கும் என்று பதிலை நிறுத்திவிடுகிறது. அந்தப் பழைய வெகேஷன் நிரலில் இருந்த அதே விதி. சரியாகத்தான் செய்கிறது. வெகேஷன் கட்டளையில் ‘அட்ரஸஸ்’ என்ற இடத்தில் அந்தப் பதவி முகவரியையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. ரவுண்ட்கியூப் படிவத்திலேயே ‘என் மின்னஞ்சல் முகவரிகள்’ என்ற கட்டம் இருக்கிறது, அதை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். இந்தச் சோதனையை அடியோடு அணைத்துவிடவும் டவ்காட்டில் ஓர் அமைப்பு உண்டு. அணைக்கச் சொல்லி ஆலோசனை தருபவர்களும் இருக்கிறார்கள். நான் அதை ஒருபோதும் அணைக்க மாட்டேன். அணைத்தால் ரகசியப் பிரதியில் வரும் கூட்டு மெயில்கள் எல்லாவற்றுக்கும் பதில் போக ஆரம்பிக்கும்.

இப்போது என்னை அதிக நாள் யோசிக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கம்பெனியின் தானியங்கிப் பதில்கள் ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பாமில் போய் விழுந்தன. அதே ஆள் அதே சர்வரிலிருந்து கையால் எழுதும் மெயில் இன்பாக்ஸுக்குத்தான் போகிறது. ஜிமெயிலில் ஒரு பதிலைத் திறந்து மூல வடிவத்தைப் பார்த்தால், டிகேஐஎம் கையெழுத்து இல்லை, டிமார்க் தோல்வி என்று இருந்தது. எஸ்பிஎஃப் மட்டும் தேறியிருந்தது, ஆனால் கம்பெனியின் டொமைனுக்கு இல்லை, சர்வரின் பெயருக்கு. மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் சோதனைகள் இவை மூன்றும்: எஸ்பிஎஃப் அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும், டிகேஐஎம் மெயிலில் போட்ட டிஜிட்டல் கையெழுத்தைப் பார்க்கும், டிமார்க் இந்த இரண்டில் ஒன்றாவது ‘ஃப்ரம்’ டொமைனோடு பொருந்தித் தேறியதா என்று பார்க்கும்.

இதில் இரண்டு விஷயம் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது. முதலாவது, நம் பதில் காலி உறையில் போகிறது. உறையில் டொமைனே இல்லாதபோது எஸ்பிஎஃப் எதைச் சோதிக்கும்? சர்வர் ‘ஹெலோ’ சொல்லும்போது தரும் தன் பெயரைச் சோதிக்கும். ஒரே சர்வரில் பல கம்பெனிகளின் டொமைன்கள் இருக்கும்போது, அந்தப் பெயர் கம்பெனியின் டொமைனோடு பொருந்தாது. டிமார்க் ‘ஃப்ரம்’ டொமைனோடு பொருத்தம் கேட்கிறது. ஆகவே எஸ்பிஎஃப் வழியாக டிமார்க் தேற வாய்ப்பே இல்லை, டிகேஐஎம் ஒன்றுதான் காப்பாற்றும். சரி, டிகேஐஎம் கையெழுத்து ஏன் இல்லை? அது இரண்டாவது விஷயம். பயனர் கையால் அனுப்பும் மெயில், மெயில் பரிமாற்ற முறையான எஸ்எம்டிபி வழியாக போஸ்ட்ஃபிக்ஸுக்குள் வருகிறது. அந்த வாசலில் கையெழுத்துப் போடும் ‘மில்டர்’ என்ற துணை நிரல் நிற்கிறது. வெகேஷன் பதிலை டவ்காட் அப்படிக் கொடுப்பதில்லை. நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், போஸ்ட்ஃபிக்ஸோடு வரும் சென்ட்மெயில் என்ற கட்டளையைக் கூப்பிட்டு அதன் கையில் கொடுக்கிறது. அது வேறு வாசல். போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் ‘எஸ்எம்டிபிடி மில்டர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும், எல்லோரும் அதை எழுதியிருப்பார்கள். ‘நான் எஸ்எம்டிபிடி மில்டர்ஸ்’ என்று இன்னொரு வரி இருக்கிறது. இந்த இரண்டாவது வாசலுக்கு உரியது அதுதான். அந்த சர்வரில் அது காலியாக இருந்தது.

அந்த வரியில் முதல் வரியின் மதிப்பையே எழுதி, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்து, வெளியிலிருந்து ஒரு மெயில் போட்டேன். பதில் இன்பாக்ஸுக்கு வந்தது. மூல வடிவத்தில் டிகேஐஎம் தேர்ச்சி, டிமார்க் தேர்ச்சி. கூடவே சர்வரின் பெயருக்கென்று தனியாக ஓர் எஸ்பிஎஃப் பதிவும் வைத்துவிடுங்கள். டொமைனுக்கு வைத்திருப்பது சர்வர் பெயருக்குத் தானாகப் பொருந்தாது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் தனக்கு மெயில் அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது கட்டாயம் கேட்கிறது. மொத்தமாக அனுப்புபவர்களிடம் இரண்டையும் டிமார்க்கையும் சேர்த்துக் கேட்கிறது. சிறிய சர்வர் நடத்துபவர்கள் இதை அலட்சியப்படுத்தினால் முதலில் அடிபடுவது இந்த மாதிரி ஓரத்தில் இருக்கும் மெயில்கள்தான், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

காலி உறைதானே தொந்தரவு, உறையில் பயனரின் முகவரியையே போட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டவ்காட்டில் அதற்கும் அமைப்பு இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் போய்ச் சேராத ஒவ்வொரு பதிலும் திரும்பி பயனரின் பெட்டிக்கு வரும். விடுமுறை முடிந்து வந்தவர் பெட்டியைத் திறந்தால் அந்தத் திரும்பிய மெயில்கள்தான் நிறைந்திருக்கும். கையெழுத்தைச் சரிசெய்வதுதான் ஒழுங்கான வழி.

ஒரு பொது முகவரிக்கு, உதாரணமாகக் கல்லூரியின் அட்மிஷன் முகவரிக்கு, வெகேஷனைப் போடலாமா என்று கேட்பார்கள். ஆர்எஃப்சி 3834 தனி மனிதருக்கான பதிலையும், குழுவுக்கான பதிலையும், சேவைக்கான பதிலையும் பிரித்துத்தான் பேசுகிறது. விண்ணப்பித்த மாணவர் ‘கிடைத்தது’ என்ற உறுதியை எதிர்பார்க்கிறார். அது தருவது நல்லதுதான். ஆனால் அதற்கும் ஆட்டோ-சப்மிட்டட் வரி வேண்டும், நினைவு வேண்டும், ஸ்பாம் வடிகட்டலுக்குப் பின்னால்தான் இருக்கவேண்டும். இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

இனி செய்தியில் என்ன எழுதுவது. ‘அலுவலகத்தில் இல்லை, இந்தத் தேதிக்குப் பிறகு பார்க்கிறேன், அவசரமானால் இந்தப் பொது முகவரிக்கு எழுதுங்கள்’ என்பதற்கு மேல் தேவையில்லை. கைபேசி எண், எந்த ஊர், குடும்பத்தோடு போகிறேன், கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் எழுதினால், அது யார் மெயில் போட்டாலும் கிடைக்கிற தகவல். முதலாளி ஊரில் இல்லாத வாரத்தில், அவர் பெயரில் கணக்குப் பிரிவுக்கு ‘உடனே இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு’ என்று மெயில் வரும் மோசடி ஏற்றுமதிக்காரர்களுக்குப் பழக்கமானது. அதற்குத் தேவையான தகவலை நாமே தரக் கூடாது. பாதிப் பேர் முதலில் எழுதித் தருகிற செய்தியில் இவை எல்லாம் இருக்கும், நான் பேசி எடுத்துவிடுவேன்.

மொழியும் முக்கியம். 2008-இல் வேல்ஸின் ஸ்வான்சி நகராட்சி, கனரக வாகனங்கள் உள்ளே வரக் கூடாது என்று ஒரு சாலைப் பலகை வைத்தது. ஆங்கிலம் மேலே, வெல்ஷ் கீழே. வெல்ஷ் வாசகம் கேட்டு மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மெயில் போட்டார்கள், உடனே வெல்ஷில் பதில் வந்தது, அதைப் பலகையில் எழுதிவிட்டார்கள். ‘நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பிவையுங்கள்’ என்று சாலையோரத்தில் நின்றது அந்தப் பலகை. வாங்கியவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் மட்டும் வந்த தானியங்கிப் பதில் அது. நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்கிறேன், தமிழ் முதலில். கல்லூரிக்கு மெயில் போடுகிற பெற்றோரில் பலர் தமிழில்தான் எழுதுகிறார்கள். தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது. சீவ் ஸ்கிரிப்ட் என்பதே எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 கோப்புதான், தமிழை அப்படியே எழுதலாம், பொருள் வரியில்கூட.

ஜெர்மனியில் டைம்லர் கம்பெனி இன்னும் ஒரு படி போனது. 2014-இல் அங்கே ஊழியர்களுக்கு ஒரு வசதி தந்தார்கள்: விரும்பினால், விடுமுறையில் வரும் மெயில் அழிக்கப்பட்டுவிடும், அனுப்பியவருக்கு அந்த விவரமும் மாற்றுத் தொடர்பும் பதிலாகப் போகும். திரும்பி வருபவருக்குக் காலிப் பெட்டி காத்திருக்கும். நம் ஊரில் யாரும் அதற்குத் துணிவதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஊருக்குப் போனால் நிம்மதியாக இருக்கவேண்டும் என்பதை ஒரு சர்வர் அமைப்பாகவே செய்து காட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு மரியாதை உண்டு.

முடிவுத் தேதியை மனிதரின் ஞாபகத்துக்கு விடாதீர்கள். பிப்ரவரியில் மெயில் போட்டாலும் ‘பொங்கல் விடுமுறையில் இருக்கிறேன்’ என்று வருவது இதனால்தான். சீவில் இன்றைய தேதியைப் பார்க்கும் நீட்சி இருக்கிறது, ரவுண்ட்கியூப் படிவத்தில் தொடக்கமும் முடிவும் கேட்கும். சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசி-யில் ஓடினால் நேர மண்டலத்தையும் கவனிக்கவேண்டும். இல்லாவிட்டால் நம் நள்ளிரவில் தொடங்கவேண்டிய பதில் காலை 5.30-க்குத்தான் தொடங்கும்.

அமைத்த பிறகு நான் வெளிக் கணக்கிலிருந்து ஒரு மெயில் போட்டு, பதில் வருகிறதா, எந்த ஃபோல்டரில் விழுகிறது என்று பார்ப்பேன். உடனே இன்னொன்று போட்டு, பதில் வராமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் ஸ்வாக்ஸ் என்ற கட்டளைவரி நிரலால் காலி உறையில் ஒன்று, ஆட்டோ-சப்மிட்டட் வரியோடு ஒன்று, லிஸ்ட் ஹெடரோடு ஒன்று. மூன்றுக்கும் பதில் வரக் கூடாது. டவ்காட் எந்தப் பதிலை ஏன் கைவிட்டது என்று லாகில் (சர்வரின் பதிவேட்டில்) காரணத்தோடு எழுதிவைக்கும். விடுமுறை தொடங்கி இரண்டு நாள் கழித்து அந்த வரிகளை எடுத்துப் படிப்பது என் வழக்கம். பெரும்பாலும் வங்கி அறிவிப்புகள், லிஸ்ட் மெயில்கள், விளம்பரங்கள்தான் இருக்கும். நடுவில் ஏதாவது ஒரு மனிதர் எழுதியது மாட்டியிருந்தால், அவர் எந்த முகவரிக்கு எழுதினார் என்று பார்த்து, அதையும் ‘அட்ரஸஸ்’ கட்டத்தில் சேர்த்துவிடுவேன்.